இருபத்திரண்டு ஓம்

1. தோற்றுவாய்

இக்கதை ஒரு கணக்கிலிருந்து பிறந்தது. கணக்கைப் போட்டவன் நான்; ஐம்பத்து மூன்றாம் வயதில், மின்பணியாளர்களுக்கான ஞாயிற்றுக்கிழமைக் காலை வகுப்பில், முதல் வரிசை பெஞ்சில் அமர்ந்து போட்டேன். ஆயினும் கதைக்குள் என்னை ‘மின்பணியாளர்’ என்றே குறிப்பிடுவேன். பாடநூல்களில் தவறு செய்பவர் எவரும் ‘நான்’ என்று வருவதில்லை.

முதலில் இவ்வாறு தொடங்கினேன்: ‘மின்சாரம் கண்ணுக்குத் தெரியாதது, அதுபோலவே பாவமும்—’

அடித்துவிட்டேன். அழகாக இருந்தது, அதனால்தான்.

2. வரையறை

முதல் வகுப்பில் ஆசிரியை, “மின்தடைன்னா என்ன?” என்று கேட்டார். அவருக்கு மின்பணியாளரின் மகள் வயதுதான் இருக்கும். முப்பது ஆண்டு அனுபவத்தின் மிடுக்கோடு மின்பணியாளர் எழுந்தார்.

“கரன்ட் போயிடறதுங்க.”

வகுப்பே சிரித்தது. ஆசிரியையும் உதட்டைக் கடித்துக்கொண்டார். “அது பேப்பர்ல போடற மின்தடை ஐயா. இது ஓம்ல அளக்கற மின்தடை. கம்பி கரன்ட்டை எவ்வளவு மறிக்குதுங்கறது.”

[குறிப்பு: ஒரு சொல்லுக்கு இரு பொருள். முதற்பொருளை மட்டும் அறிந்தவரைத்தான் உலகம் எலக்ட்ரீஷியன் என்று அழைத்துவந்தது.]

மூன்றாம் வாரம் ஆசிரியை பலகையில் எழுதினார்: மின்னழுத்தத்தை மின்தடையால் வகுக்கக் கிடைப்பது மின்னோட்டம். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கக் கிடைப்பது திறன். எனவே, மின்னழுத்தம் மாறாதிருக்க, மின்தடை குறையக் குறையத் திறன் கூடும்.

அந்தக் கடைசி வரியை மின்பணியாளர் குண்டுகுண்டான எழுத்தில் படியெடுத்தார். ‘கூடும்’ என்ற சொல்லில் பேனா நின்றுவிட்டது.

3. அடுப்பு

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் மின்பணியாளரின் தங்கை, வீட்டின் பின்னறையில் மெழுகுவர்த்தி செய்துவந்தாள். மெழுகு உருக்க ஒரு மின்னடுப்பு வைத்திருந்தாள். ஒருநாள் அதன் சுருள் கம்பி அறுந்தது.

“புதுக் கம்பி வாங்கிடலாமாண்ணே?”

“எதுக்கு? கருகின துண்டை வெட்டிட்டு ரெண்டு முனையையும் முறுக்கிவிட்டா தீர்ந்துது. கம்பி குறைஞ்சா கரன்ட்டும் கம்மியாத்தான் இழுக்கும்.”

சுருள் செக்கச்செவேலென்று சிவந்தது.

“அடேயப்பா, முன்னைவிட நல்லா சூடாகுதே! எங்கண்ணன் கை வச்சா அடுப்புக்குக்கூட பயம்.”

அந்த ஆண்டில் மும்முறை கம்பி அறுந்தது; மும்முறை வெட்டினார். பாதிச் சுருள் மிஞ்சியது. வீட்டு ஃபியூஸ் அடிக்கடி போயிற்று. ஃபியூஸ் உண்மையைச் சொல்லிக்கொண்டே இருந்தது. அவர் தடித்த கம்பி போட்டு அதன் வாயைக் கட்டினார். (இவ்வரி பாடநூல் நடைக்கு ஒவ்வாது. இருக்கட்டும்.)

ஒரு பிற்பகல், யாரோ கதவைத் தட்டினார்கள். தங்கை வாசலுக்குப் போய், இரண்டு வார்த்தை பேசித் திரும்புவதற்குள் அடுப்பின் வயர் உருகிப் பொறி பறந்து, மெழுகு பற்றிக்கொண்டிருந்தது. பாத்திரத்தை வெறுங்கையால் தள்ளினாள். வலக்கையில் மூன்று விரல்கள் இன்றும் மடங்கா.

மருத்துவமனையில் அவள் கணவர், “எப்படி மச்சான் பிடிச்சிருக்கும்?” என்று கேட்டார். எல்லோரும் தொழில் தெரிந்தவரின் முகத்தைப் பார்த்தார்கள்.

“அடுப்பை எரியவிட்டுட்டுப் போனா வேற என்ன ஆகும்?” என்றார் மின்பணியாளர்.

கட்டுப்போட்ட கையோடு அவள் தலையாட்டினாள்.

அன்று அவளுக்குப் பெயர் வந்தது: மறதியம்மா. மெழுகு உருக்குவதை விட்டுவிட்டாள். வெளியே கிளம்பினால் பூட்டிய வீட்டைத் திறந்து மும்முறை சுவிட்சைப் பார்க்கிறாள். “போம்மா மறதி, சுவிட்ச் உன்னைக் காணாம ஏங்குது,” என்பார் கணவர். முதலில் சிரிப்பவளும் அவளே.

(அந்தச் சிரிப்பை விவரிக்க ஒரு பத்தி எழுதினேன். அதில் அவளைவிட நான் அதிகம் இருந்தேன். நீக்கிவிட்டேன்.)

4. செய்முறை

தரவு: மின்னழுத்தம் 220 வோல்ட். முழுச் சுருளின் மின்தடை 44 ஓம்.

மின்னோட்டம் = 220 ÷ 44 = 5 ஆம்பியர்.
திறன் = 220 × 5 = 1100 வாட்.

பாதிச் சுருளின் மின்தடை 22 ஓம்.

மின்னோட்டம் = 220 ÷ 22 = 10 ஆம்பியர்.
திறன் = 220 × 10 = 2200 வாட்.

அடுப்பின் வயர் தாங்குவது 6 ஆம்பியர். எனவே அவள் வாசலுக்குப் போனதற்கும் வயர் உருகியதற்கும்

எனவே

ஆசிரியை விடைக்குப் பக்கத்தில் ‘மிக நன்று’ என்று எழுதி, கீழே ஒரு கோடும் இழுத்தார்.

5. முடிவுகள்

முதல் முடிவில் மின்பணியாளர் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார். தங்கை கண் துடைத்து, “விடுண்ணே” என்கிறாள். இதை நான் நம்பவில்லை. மன்னிப்பை நானே எழுதி நானே வாங்கிக்கொள்வது கதையாகாது.

இரண்டாம் முடிவில் அவர் சொல்வதில்லை. அண்ணன் கெட்டிக்காரராகவும் தங்கை மறதிக்காரியாகவும் முதுமை அடைகிறார்கள். இதை எழுத வேண்டிய தேவையே இல்லை. ஒன்பது ஆண்டுகளாக நடந்துவருவதுதான்.

மூன்றாவது, சென்ற ஞாயிறு நிகழ்ந்தது. வகுப்பு முடிந்து தங்கை வீட்டுக்குப் போன மின்பணியாளர், நோட்டை மேசைமேல் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். வேண்டுமென்றே வைத்தாரா என்பதை என்னால் உறுதியாகக் கூற இயலவில்லை. அவள் எடுத்துப் பிரித்தாள்.

“என்னண்ணே, கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கு! ஏங்க, இங்க வந்து பாருங்க, எங்கண்ணன் கணக்கெல்லாம் போடறாரு!”

“இனிமே மச்சானை சார்னுதான் கூப்பிடணும்போல,” என்றது உள்ளறை.

அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். மடங்காத விரல் வரிவரியாக இறங்கி, ஓரிடத்தில் நின்றது. சிரிப்பு இன்னும் முழுதாக அடங்கவில்லை.

“பாதிச் சுருள்னு போட்டிருக்கே. யாரோட அடுப்புண்ணே இது?”

அடுத்த வரியை ஆறு முறை எழுதி ஆறு முறையும் அடித்துவிட்டேன். எதைச் சொன்னாலும் என்னைக் கொஞ்சம் நல்லவனாக்கிவிடுகிறது. ஆகவே, வாசகரே, அதை நீங்கள் எழுதுங்கள். எழுதும்போது என்னைப் பார்க்க வேண்டாம். நோட்டைப் பிடித்துக்கொண்டு பதிலுக்காக நிற்கிறாளே, அவளைப் பார்த்து எழுதுங்கள்.