எந்தப் பக்கம் தள்ளணும் சார்

...எந்தப் பக்கம் என்றா கேட்டான், ஆமாம், அதைத்தான் கேட்டான், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் செருகிக்கொண்டு, ஜன்னலுக்கு நேராகக் குனிந்து, பேரன் வயசிருக்கும் போலீஸ்காரன், "எந்தப் பக்கம் தள்ளணும் சார்?" என்று அவ்வளவு மரியாதையாக... நானோ ஸ்டேட் லைன் அவென்யூவின் நட்டநடுவில், இடப்பக்கம் திரும்புகிறவர்களுக்கென்று மஞ்சள் கோடு போட்டு ஒதுக்கிய தடத்தில், நின்றுபோன பிக்கப் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறேன், வலப்பக்கம் ஆர்கன்சாஸ், இடப்பக்கம் டெக்சாஸ், இரண்டு பக்கமும் கார்கள் விர்விர்ரென்று போகின்றன, சட்டைப்பையில் டப்பா. பெப்பர்மிண்ட் டப்பாதான், உள்ளே இருப்பது பெப்பர்மிண்ட் இல்லை, என் பெண்டாட்டி ஓலீட்டாவின் கஞ்சா மிட்டாய். வலப்பக்கம் இருந்தால் அது மருந்து, மாநில அரசே அட்டை கொடுத்திருக்கிறது, அவளுக்கு நோயாளி அட்டை, எனக்கு அவளைப் பார்த்துக்கொள்கிறவன் என்று ஒரு அட்டை, அதில் என் போட்டோவைப் பார்த்துவிட்டு, "கோழி திருடி மாட்டிக்கிட்டவன் மாதிரி முழிக்கிறியே வெர்லன்" என்று அவள் அன்றைக்கெல்லாம் சிரித்தாள். இடப்பக்கம் போனால் அதே மிட்டாய்க்கு ஜெயில், ஒன்றே ஒன்று என்றாலும் ஜெயில், அங்கே அட்டையை எடுத்து நீட்டினால் நானே குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி. ஆஸ்பத்திரி இடப்பக்கம்தான் இருக்கிறது, அவள் அங்கேதான் கிடக்கிறாள், இவன் கார்க் கதவில் இருப்பதும் டெக்சாஸ் போலீஸ் சின்னம்... வலப்பக்கத்துக்காரன் எவனாவது வந்திருக்கக் கூடாதா.

இந்தத் தெருவைக் காலமெல்லாம் தாண்டியிருக்கிறேன், கேஸ் லாரி ஓட்டினவன், காலையில் அந்தப் பக்கம் ஒரு கோழிப்பண்ணைக்கு கேஸ் நிரப்பிவிட்டு இந்தப் பக்கம் வந்து காபி குடிப்பேன், எந்த மாநிலத்தில் நிற்கிறேன் என்று ஒருநாளாவது யோசித்திருப்பேனா, எங்கள் ஊர் டெக்சர்கானாவில் யார் யோசிக்கிறார்கள், இந்தப் பக்கத்தில் வீடு, அந்தப் பக்கத்தில் சர்ச், எங்கே விலை மலிவோ அங்கே சாமான். அவள் சமையலறையில் விழுந்தாள், ஆம்புலன்ஸ் வந்தது, தெருவைத் தாண்டியது, அவ்வளவுதான்... மருந்து மட்டும் எங்கள் வீட்டுப் பிரிட்ஜ் மேலேயே நின்றுவிட்டது. அந்த மருந்தால்தான் அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கீமோ ஏற்ற ஆரம்பித்ததிலிருந்து தண்ணீர்கூடத் தங்காது, முதல்முதலாக அந்த மிட்டாயில் பாதியைக் கடித்துவிட்டு, "சண்டே ஸ்கூல் டீச்சர் கஞ்சா கேஸ் ஆயிட்டேன் பாரு, பாஸ்டர்கிட்ட நீயே சொல்லிடு" என்றாள், கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே எழுந்துபோய், சோளரொட்டியைப் பிய்த்து மோரில் போட்டு, நின்றபடியே கரண்டி கரண்டியாக... நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும், "என்ன, பொம்பளை சாப்பிட்டுப் பாத்ததில்லையா?" இப்போது அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் சூப் என்ற சொல்லைக் கேட்டாலே ஓங்கரிக்கிறாள். டாக்டரிடம் சொல்லிப் பார்த்தேன், நல்ல மனுஷன்தான், கதவைச் சாத்திவிட்டு, "நீங்க ஒண்ணும் சொல்லலை, நானும் ஒண்ணும் கேக்கலை, சாப்பாடு தங்கினா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, தங்காம நான் அனுப்ப முடியாது" என்றார். வயிற்றில் சாப்பாடு தங்கினால்தான் வீடு, வீட்டுக்கு வந்தால்தான் மருந்து, மருந்து இருந்தால்தான் சாப்பாடு தங்கும்... இதைச் சுற்றிச்சுற்றி வந்து எனக்குத் தலையே கிறுகிறுத்துவிட்டது. அவர்கள் போடும் ஊசியில் தூங்கிவிடுகிறாள், விழித்தால், "தூக்கம் வேணாம் வெர்லன், கொஞ்சம் ஏதாச்சும் தின்னுட்டு உன் மூஞ்சியைப் பாத்துக்கிட்டிருக்கணும், அவ்வளவுதான்" என்கிறாள். மிட்டாய் விற்கிற மருந்துக் கடைப் பெண்ணிடம் கேட்டேன், இதை அந்தப் பக்கம் கொண்டுபோகலாமா என்று, "எங்க வாசல்வரைக்கும் நான் பேசுவேன் சார், அந்தக் கோட்டுக்கு அப்புறம் எனக்கு வாயே கிடையாது" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டாள்.

"சார்? உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" இல்லை தம்பி, ஒன்றுமில்லை, வண்டிதான்... அவன் உள்ளே கையை விட்டுச் சாவியைத் திருப்பிப் பார்த்தான், முள்ளைப் பார்த்தான், சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பெட்ரோல் தீந்துபோச்சு சார்" என்றான். கேஸ் லாரி ஓட்டினவனிடம். என் முகம் சுட்டது. எந்தப் பக்கம் தள்ளணும் என்று மறுபடி கேட்டான், எதிரே அந்தப் பக்கமும் ஒரு பங்க் இருக்கிறது, இந்தப் பக்கமும் இருக்கிறது, அவன் நடுரோட்டில் நின்று கையைக் காட்டினால் எல்லாக் காரும் நிற்கும், நான் எதைச் சொன்னாலும் செய்வான்... "ஆர்கன்சாஸ் பக்கம்" என்றது என் வாய், யோசிக்கவே இல்லை, சொன்னதும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது, இறங்கியதே, அதை நினைத்து இப்போது கூசுகிறது. தள்ளினான், நல்ல பலசாலி, பங்க் ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டே, "எங்க போய்க்கிட்டிருந்தீங்க?" என்றான். ஆஸ்பத்திரிக்கு, பெண்டாட்டி அங்கே இருக்கிறாள், என்று சொல்லித் தொலைத்தேன். "அட, முதல்லயே சொல்லக் கூடாதா, பெட்ரோல் அப்புறம் போட்டுக்கலாம், ஏறுங்க சார், நான் கொண்டுபோய் விடுறேன்." வேண்டாம் தம்பி, நடந்தே போவேன். "இந்த வெயில்லயா? எங்கம்மா கேட்டா என் தோலை உரிச்சிடுவாங்க." ஏறப்போகும்போது நிறுத்தினான், தப்பா எடுத்துக்காதீங்க, யாரை ஏத்தினாலும் கேக்கணும், பையில என்ன இருக்கு... டப்பாவை வெளியே எடுத்து, மூடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். பெப்பர்மிண்டா, ஒண்ணு குடுங்களேன் சார், வாயெல்லாம் காய்ஞ்சு கிடக்கு, என்று கையை நீட்டிவிட்டான்! "அவளுக்குன்னு வாங்கினது" என்றேன். நீட்டின கை சட்டென்று பின்னால் போனது, காதெல்லாம் சிவந்துவிட்டது பிள்ளைக்கு, "மன்னிச்சுக்குங்க சார்" என்று கதவைத் திறந்துவிட்டான். இன்றைக்கு நான் பேசியதில் முழு உண்மை அது ஒன்றுதான்.

போலீஸ் கார்ப் பின்சீட்டில் கதவுக்குக் கைப்பிடி கிடையாது. முன்னால் கம்பிவலை, வலைக்கு அப்பால் அவன் பிடரி, புதிதாக முடி வெட்டியிருக்கிறான். கோட்டைத் தாண்டினோம். ஒன்றும் ஆகவில்லை, வானம் இடியவில்லை, இந்த நிமிஷத்திலிருந்து நான் குற்றவாளி, டெக்சாஸ் அரசாங்கமே என்னைச் சுமந்துகொண்டு போகிறது, இவன் ரேடியோவில் யாருக்கோ என்னமோ சொல்கிறான், எனக்கு வியர்த்துக் கொட்டுகிறது, பிடித்தால் அவள் தனியாகக் கிடப்பாள், விழித்துப் பார்த்து நாற்காலி காலியாக இருந்தால்... ஆனால் அந்தப் பெட்ரோல் முள். காலையில் வண்டியை எடுக்கும்போதே முள் அடியில் கிடந்தது, பார்த்தேன், பங்க்குகளைத் தாண்டித்தான் வந்தேன், ஏன் போடவில்லை? மறந்துவிட்டேனா? சும்மா சொல்லாதே வெர்லன், நீயா மறப்பாய்? பிடித்துவிடுவார்களோ என்று பயந்தேனா, இல்லை, யாராவது வந்து பிடித்துக்கொள்ள மாட்டார்களா என்று... நடுவழியில் நின்றுபோனால் அவளிடம் சொல்லலாம், நான் வந்தேன் ஓலீட்டா, கொண்டுதான் வந்தேன், டெக்சாஸ் விடவில்லை. இத்தனை நாளும் அந்தச் சட்டத்தைத் திட்டிக்கொண்டே அதன் பின்னால்தானே ஒளிந்துகொண்டிருந்தேன். அது நடுவில் நிற்கிறவரைக்கும் இந்த மிட்டாய் வேலை செய்யும், ஒரு கடி கடித்தால் எழுந்து உட்கார்வாள், மோர் கேட்பாள், வீட்டுக்கு வருவாள், அதில் சந்தேகமே இல்லை. கொடுத்துவிட்டால்? அவள் வாயில் வைத்து, மென்று, விழுங்கி, நானும் கரண்டியோடு காத்திருந்து, அப்புறமும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால்... அதற்கப்புறம் யாரைத் திட்டுவேன், எந்தத் தெருவைத் தாண்டி எதைக் கொண்டுவருவேன்?

கார் வாசலில் நின்றது. "இருங்க சார், அது உள்ளேருந்து தொறக்காது" என்று இறங்கிச் சுற்றி வந்தான், கதவைத் திறந்தான், வெயில் உள்ளே விழுந்தது, என் கையைப் பிடிக்கக் குனிந்தான். "வாங்க, அவங்க காத்துக்கிட்டிருப்பாங்க." இனி என்னைத் தடுக்க யாரும் இல்லை. ஒரு நிமிஷம் தம்பி, ஒரே நிமிஷம், என்று சொல்லிவிட்டு நான் அப்படியே உட்கார்ந்திருக்கிறேன்.