விருந்தாளி சொன்ன மண்டபம்

சண்டை போடுவது என்று காதியா முடிவு செய்துதான் கூட்டத்துக்குக் கிளம்பினாள். யாரோடு போடுவது என்பதில்தான் சிக்கல்.

ஊராட்சியின் ஐந்தாண்டுத் திட்டத்தை ஊர்க்காரர்களே மூன்று நாள் உட்கார்ந்து, கத்தி, கோபித்துக்கொண்டு எழுந்துபோய், திரும்ப வந்து எழுதியிருந்தார்கள். முதல் வரி பிரசவ விடுதி. நைஜர் ஆற்றுக்கு இந்தக் கரையில் பதினோரு ஊர். பிரசவம் பார்க்கும் இடம் அந்தக் கரையில். வெள்ளக் காலத்தில் ஓடத்தில் இரண்டு மணி நேரம். மருத்துவச்சி காதியா ஓடத்திலேயே பதினான்கு குழந்தைகளை எடுத்தவள். எடுக்க முடியாமல் போனவை மூன்று. அவற்றைப் பற்றி அவள் யாரிடமும் பேசுவதில்லை. இப்போது அவளுடைய ஒரே மகள் ந்யேலேவுக்கு ஐந்தாம் மாதம்.

பணம் கொடுக்க வந்த வெளிநாட்டு அமைப்பைக் குறை சொல்ல முடியாது. "முடிவு உங்களுடையது, துணை எங்களுடையது" என்று சொல்லிக்கொண்டுதான் வந்தார்கள். அப்படியிருக்க, நேற்று ஊராட்சிச் சுவரில் ஒட்டிய பட்டியலை ந்யேலே படித்துச் சொன்னபோது, முதல் வரியில் கூட்ட மண்டபம் இருந்தது. பிரசவ விடுதி ஏழாவது வரிக்கு இறங்கியிருந்தது. ஏழாவது வரி ஏட்டுச் சுரைக்காய்தான், கறிக்கு உதவாது.

மாற்றியவர் ஊராட்சித் தலைவர் அனயே கிந்தோ. திருடராக இருந்திருந்தால் வேலை சுலபம். அவரோ நல்ல மனிதர். போன மழைக்காலத்தில் அமைப்பின் அதிகாரி ஹன்னே வந்திருந்தபோது, வேப்ப மரத்தடியில் நனைந்துகொண்டே, "இங்கே ஒரு மண்டபம் இருந்தால் நன்றாக இருக்கும்" என்றாள். விருந்தாளி வாய்விட்டு ஒன்றைச் சொன்ன பிறகு அதைச் செய்யாமல் விடுவது அந்த ஊரில் சோறு போடாமல் அனுப்புவதற்குச் சமம். மனிதர் இரண்டு வாரம் தூங்காமல் யோசித்து, ஊர் எழுதியதை அடித்துவிட்டு மண்டபத்தை எழுதிவிட்டார். மரியாதையால் கெட்ட காரியம் அது.

இன்று ஹன்னே கையெழுத்துப் போட வந்திருந்தாள். பாய் விரித்து, தேநீர் ஊற்றி, நலம் விசாரித்து முடிக்கவே அரை மணி ஆயிற்று. பட்டியல் தப்பு என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் விருந்தாளி முன்னால் தலைவரின் முகம் வாடப் பேசுவது யார்? பூனைக்கு மணி கட்ட ஆள் இல்லாமல் பெரியவர்கள் எல்லாம் தேநீரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காதியா எழுந்தாள். அவள் ஆற்றில் மீன் பிடிக்கும் போஸோ இனம். தலைவர் வெங்காயம் பயிரிடும் டோகோன் இனம். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்தே அவர்கள் கேலி முறைக்காரர்கள். ஒருவரை ஒருவர் என்ன சொன்னாலும் கோபிக்கக் கூடாது. கோபித்தவன் மனிதனே இல்லை.

"ஏய் வெங்காயம்," என்றாள். "மீசைக்கு எண்ணெய் தடவ நேரம் இருக்கு, ஊர் எழுதினதைப் படிக்க நேரம் இல்லையா உனக்கு?"

"என்னடா மீன் நாத்தம் வருதேன்னு பாத்தேன்," என்றார் அனயே. "உக்காரு. வந்தவங்க மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஓடிடப் போறாங்க."

"நாறினா குளிச்சாப் போயிடும். நாங்க பிரசவ விடுதின்னு சொன்னோம், நீ மண்டபம்னு எழுதியிருக்க. ஏன், உங்க வீட்டுப் பொம்பளைங்க நாற்காலி போட்டு, மாலை போட்டு, பேச்சு கேட்டுக்கிட்டேதான் பிள்ளை பெத்துக்குவாங்களா?"

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. ஹன்னேவுக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்த ஓட்டுநர் மோதிபோ பாதியில் நிறுத்திவிட்டுச் சிரித்தான். அவள் பயந்துபோய் என்னவோ கேட்டாள்.

"சண்டை இல்லீங்க," என்றான் மோதிபோ. "சொந்தம்."

தலைவரும் சிரித்தார். ஆனால் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. "விருந்தாளி ஆசைப்பட்டுக் கேட்டாங்களே, காதியா. நான் எப்படி இல்லைங்கிறது?"

"அவங்க உக்காந்திருக்காங்களே. கேட்டாங்களான்னு கேளு."

மோதிபோ சொன்னான். ஹன்னேவின் முகம் காது வரை சிவந்தது. அவள் மெதுவாகப் பேச, அவன் எடுத்துச் சொன்னான். "அன்னைக்கு மழையில நோட்டு நனைஞ்சுபோச்சாம். அதுக்காகச் சும்மா சொன்னாங்களாம். மண்டபம் நீங்க ஆசைப்பட்டது போலிருக்குன்னு நினைச்சு சந்தோஷமா ஒத்துக்கிட்டாங்களாம். ஒரு குடை எடுத்துட்டு வந்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காதேன்னு வருத்தப்படறாங்க."

கடைசி வரிசைக் கிழவர் ஒருவர் சிரிக்க ஆரம்பித்தார். அது ஒட்டிக்கொண்டு பரவி, ஹன்னேவும் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் வரை ஓயவில்லை.

பட்டியலைத் திருத்தச் சொல்லி மோதிபோ பேனாவை நீட்டினான். அனயே வாங்கவில்லை. "ஒத்தை ஆளா மாத்தினதுதான் தப்பு. அதையே திரும்பவும் ஒத்தை ஆளாப் பண்ண மாட்டேன். கை தூக்குங்க."

கைகள் எழுந்தன. எண்ணத் தேவையே இல்லை. ஹன்னே, ஊர் சொன்ன வரியை முதல் வரியாக வைத்துக் கையெழுத்துப் போட்டாள். பிறகு வேலை எப்போது தொடங்கும் என்று சொன்னாள். வெள்ளம் வடிந்த பிறகு செங்கல் வரும். அடுத்த கோடையில் கூரை.

காதியா விரல் விட்டு எண்ணினாள். திரும்பவும் எண்ணினாள். ந்யேலேவுக்குப் பிரசவமாகும் மாதம்தான் ஆறு கரை புரளும் மாதம். பதினோரு ஊர்ப் பெண்களுக்கும் வாங்கிக் கொடுத்தாயிற்று, பெற்ற மகளுக்கு எட்டவில்லை. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஆற்றங்கரைக்குப் போய் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அனயே மூச்சு வாங்க வந்து, தண்ணீருக்கு எட்டத்திலேயே நின்றார்.

"நானும் எண்ணிப் பாத்தேன்," என்றார். "ஊராட்சி வேலைக்கு ஓடற மோட்டார் படகு வெள்ளம் முடியற வரைக்கும் உன் வாசல்லதான் நிக்கும். கூட்டத்தைக் கலைக்காம அதையும் கேட்டுட்டேன். எல்லாரும் கை தூக்கிட்டாங்க."

அவள் திரும்பிப் பார்த்தாள். "ஓட்டறது யாரு?"

"அதுக்கு ஆள் இருக்கு. ந்யேலேயை ஏத்திக்கிட்டுப் போற அன்னைக்கு நானும் வரேன்."

டோகோன்கள் மலைக்காரர்கள். அனயே முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கி ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை.

"நீ எதுக்கு? நீச்சலும் தெரியாது. படகு கவுந்தா நான் பொண்ணைப் பாப்பேனா, உன்னைப் பாப்பேனா?"

"பொண்ணைப் பாரு," என்றார் அனயே. அவர் குரலில் கேலி இல்லை. "வெள்ளத்துல ஆத்தைக் கடக்கறது எப்படி இருக்கும்னு தெரியாமதானே அடிச்சு எழுதினேன். ஒரு தடவை உக்காந்து பாக்கறேன்."

காதியா திட்ட வாயெடுத்தாள். முப்பது வருஷக் கேலியில் முதல் முறையாக வசவு வரவில்லை. அழுகைதான் வந்தது.