மகேந்திரனுக்கு ஆறரை

எதிரணியில் ஓரமாகத் தாக்கி ஓடும் விங்கர் பந்தைக் காலடியில் வாங்கி நிமிர்ந்தான். எதிரே மகேந்திரன் நின்றான். பாய்ந்து விழவில்லை, காலை நீட்டவில்லை. இரண்டடி தள்ளி, உடம்பைச் சற்றே பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு, போகிற வழியைப் பார்த்துக்கொள் தம்பி என்பதுபோல் சும்மா நின்றான். விங்கர் இடது தோளை ஆட்டிப் பார்த்தான், வலது தோளை ஆட்டிப் பார்த்தான். பிறகு பந்தை வந்த வழியே பின்வரிசைக்கு அனுப்பிவிட்டுத் திரும்பி ஓடினான்.

மலேசியாவின் ஈப்போ நகரில் தன் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்திருந்த சிவானந்தன் முன்னால் சரிந்தார். "ச்சா... பாரும்!" என்று அவர் வாயிலிருந்து தானாக வந்தது. பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்பிகை நிமிர்ந்து பார்த்தாள். ஆனால் பார்த்தது தொலைக்காட்சியை அல்ல, கணவரின் முகத்தை. அறுபத்தெட்டு வயது மனிதர், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுகிறவர், கடைத்தெருவில் இனிப்பைக் கண்ட பிள்ளையைப் போல் உட்கார்ந்திருந்தார். ஆட்டம் முடிந்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கைப்பேசியை எடுத்தார். அந்த முகம் போய் வேறொரு முகம் வந்துவிட்டது.

"மகேந்திரனுக்கு என்ன போடுறியள்?"

"ஆறரை," என்றார்.

சிவானந்தன் நில அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே இருபது வருடம் காற்பந்து நடுவராக விசில் ஊதியவர். ஓய்வு பெற்றபின் ஒரு விளையாட்டுச் சேனல் அவரை நிபுணர் குழுவில் சேர்த்துக்கொண்டது. குழுவில் மூன்று பேர். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒவ்வோர் ஆட்டக்காரனுக்கும் பத்துக்கு இத்தனை என்று புள்ளி போட வேண்டும், அது போட்டவர் பெயரோடு வெளியாகும். சீசன் முடிவில் அதைக் கூட்டிக் கழித்து லீக்கின் நட்சத்திரப் பதினொருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த அணி ஈப்போ ஸ்டேடியத்தில் வெளிநாட்டு கிளப் ஒன்றோடு மோதும். நாடே பார்க்கும் ஆட்டம் அது. இதற்காகக் குழுவினரை முகநூலில் திட்டாத ஆள் கிடையாது. தன் ஆள் வராவிட்டால் நிபுணருக்குக் கண் தெரியாது, அடுத்தவன் ஆள் வந்துவிட்டால் காசு வாங்கிவிட்டான். அம்பிகை இதையெல்லாம் வாசித்துச் சிரித்துவிட்டுப் போய்விடுவாள். சிவானந்தன் சிரிக்க மாட்டார். ஒவ்வொன்றையும் வாசித்து மனத்தில் போட்டுக்கொள்வார்.

அம்பிகைக்குக் காற்பந்து கல்யாணத்தோடு வந்த சீதனம். முதலில் சகித்தாள், பிறகு பழகினாள், இப்போது அவளில்லாமல் அவர் ஆட்டம் பார்ப்பதில்லை. அவளுக்குப் பிடித்த ஆட்டக்காரன் மகேந்திரன்தான். இடதுபக்கத் தற்காப்பு ஆட்டக்காரன், முப்பத்து நான்கு வயது. கோல் போட மாட்டான், தலைமுடிக்குச் சாயம் அடிக்க மாட்டான், நடுவரிடம் கத்த மாட்டான். அவன் நிற்கிற பக்கத்தில் ஒன்றுமே நடக்காது, அதுதான் அவன் வித்தை. நடக்காததைப் படம் பிடித்துப் போட எந்தச் சேனலுக்கும் தெரியவில்லை. நல்லதாய்ச் சமைத்தால் யாரும் வாய் திறப்பதில்லை, உப்புக் குறைந்தால்தான் பேச்சு வரும் என்பது அம்பிகைக்கு நாற்பது வருட அனுபவம். அதனாலோ என்னவோ, அவன் ஆட்டம் அவளுக்குச் சொல்லாமலே புரிந்தது.

போன வாரம் சந்தையில் அவனை நேரில் பார்த்தாள். மனைவி ஷர்மினியோடு மீன் வாங்க வந்திருந்தான். சிவானந்தனின் மனைவி என்று அம்பிகையை அடையாளம் கண்டு, அவள் கையிலிருந்த பையை வலுக்கட்டாயமாக வாங்கிக்கொண்டு கார்வரை வந்தான்.

"இவருக்கு இதான் லாஸ்ட் சீசன், ஆண்ட்டி," என்றாள் ஷர்மினி. "ஸ்டார் டீம்ல ஒரு தடவகூட எடுக்கல. எங்க அத்தைக்கு அந்த ஜெர்சியில மகன பாக்கணும்னு ரொம்ப ஆச லா."

"ஏய், சும்மா இரு," என்று அவளை அடக்கிவிட்டு மகேந்திரன் அம்பிகையிடம் திரும்பினான். "சாருகிட்ட எதுவும் சொல்லிடாதீங்க ஆண்ட்டி. மத்தவங்க ஹைலைட்ஸ் பாத்துட்டு மார்க் போடுவாங்க, சார் ஆட்டத்த முழுசா பாக்குறாரு. அவரு ஆறரை போட்டா, எனக்கு அது ஆறரைதான். நான் இன்னும் நல்லா வெளாடணும்."

அம்பிகை பையை வாங்கிக் காரில் வைத்தாள். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இவர் சோபாவில் எப்படி உட்கார்ந்திருப்பார் என்று இவனுக்கு யார் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், மழை கொட்டிக்கொண்டிருந்தபோது, நட்சத்திர அணிக்கான இறுதித் தேர்வு இணையவழியில் நடந்தது. சிவானந்தன் சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்துக்கொண்டு, மேலே இஸ்திரி போட்ட சட்டையும் கீழே சாரமுமாக உட்கார்ந்தார். திரையில் பழைய பயிற்றுநர் ரம்லியும், தைப்பிங்கிலிருந்து புள்ளிவிவர ஆய்வாளர் மாதுமையும் தெரிந்தார்கள். பத்துப் பேர் சீக்கிரம் முடிவாகிவிட்டார்கள். இடதுபக்கத் தற்காப்பில் வண்டி நின்றுவிட்டது. மகேந்திரனும் ஃபித்ரி என்ற இளைஞனும் கூட்டுப் புள்ளியில் சமமாக வந்திருந்தார்கள். சமமானால் குழு பேசி ஓட்டுப் போட வேண்டும் என்பது விதி.

மாதுமை ஃபித்ரி பக்கம். "அங்கிள், ஏழு கோலுக்குப் பந்து எடுத்துக் குடுத்திருக்கான். நம்பர்ஸ் பொய் சொல்லாது லா," என்றாள்.

ரம்லி மலாயில் குரலை உயர்த்தினார். ஃபித்ரி ஏறிப் போன நேரமெல்லாம் அவன் விட்டுப்போன இடத்தில் எத்தனை கோல் விழுந்தது என்று உன் நம்பரைக் கேள் என்றார். நான் பயிற்சி கொடுத்த காலத்தில், மகேந்திரன் இருக்கிற அணியோடு மோதும்போது அந்தப் பக்கமாகத் தாக்குவதையே விட்டுவிடச் சொல்வேன், பத்து வருடமாக இந்த நாட்டுப் பயிற்றுநர்கள் எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள், இதைவிட ஒருவனுக்கு என்ன மரியாதை வேண்டும் என்று மேசையைத் தட்டினார். கேட்டுக்கொண்டே தேநீர் ஊற்றிய அம்பிகைக்கு அந்த மனிதரைக் கும்பிடலாம் போலிருந்தது.

எல்லாரும் சிவானந்தனைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைக் கனைத்தார். மகேந்திரன் நல்ல ஆட்டக்காரன்தான், ஆனால் எடுத்துக் காட்ட ஒன்றுமில்லையே, இது ரசிகர்கள் பார்க்கிற ஆட்டம் ஆயிற்றே என்று மலாயில் இழுத்தார். ரம்லி நாற்காலியில் பின்னால் சாய்ந்துகொண்டார். மாதுமைகூடக் கொஞ்சம் விழித்தாள். "ஐந்து நிமிடம் கொடுங்கள்," என்று சொல்லி ஒலியையும் படத்தையும் அணைத்துவிட்டு அவர் சமையலறைக்கு வந்தார்.

"இஞ்சாரும், தேத்தண்ணி தாரும்."

அம்பிகை தரவில்லை. "நீங்கள் அந்தப் பெடியனுக்கு என்ன அநியாயம் செய்யிறியள்?"

"என்ன அநியாயம்? உமக்கு விளங்காது. நான் அவனுக்கு ஓட்டுப் போட்டா, தமிழன் தமிழனைத் தூக்கிவிட்டான் எண்டு நாளைக்குச் சொல்லுவினம். அவனுக்கும் அது கெட்ட பேர்."

"அதுக்காக வருசம் முழுக்க ஒரு மார்க் குறைச்சுப் போட்டியளோ?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். இவர் ஆடிய சதையைப் பிடித்துக் கட்டிவைத்து, அதற்கு நேர்மை என்று பெயரும் வைத்திருந்தார். நாற்பது வருடமாக இவருடைய நேர்மையை அக்கம்பக்கமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் அவள். அந்தக் கோபத்தில் அவளுக்குக் குரல் உயர்ந்தது.

"உங்கட அப்பா செமோர் ரப்பர்த் தோட்டத்தில கணக்கெழுதிற கிராணியா இருந்தவர். சனம் மரத்தில வெட்டிக் கொண்டுவந்த பாலை மற்றக் கிராணிமார் குறைச்சு நிறுத்தவை. 'என்ர அப்பா ஒரு நாளும் ஆரின்ர பாலையும் குறைச்சு நிறுக்கேல்லை' எண்டு வாற ஆக்கள் எல்லாருக்கும் சொல்லுவியளே. அந்தத் தோட்டத்தில பால் வெட்டின ஆளின்ர பேரன்தான் இவன். இப்ப நீங்கள் என்ன செய்யிறியள்?"

சிவானந்தன் அடி வாங்கியவர்போல் நின்றார்.

"கூட்டிப் போடச் சொல்லேல்லை," என்றாள் அம்பிகை, குரல் தணிந்து. "உள்ளதைப் போடுங்கோ. நீங்கள் போடுற ஆறரையை அவன் தன்ர பிழை எண்டு நம்பிக்கொண்டிருக்கிறான். சந்தையில எனக்கு அவனே சொன்னவன், சார்தான் ஆட்டத்தை முழுசாப் பாக்கிறவர் எண்டு."

அவர் தேநீரைக் கேட்காமலே திரும்பிப் போனார். அம்பிகை கோப்பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய் அவருக்குப் பின்னால் நின்றாள். அவர் படத்தை இயக்கினார். ரம்லி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"மாதுமை," என்றார் சிவானந்தன். "துண்டு துண்டா வேண்டாம் பிள்ளை. நேத்தைய ஆட்டம், இரண்டாம் பாதி, முழு மைதானமும் தெரியிற படம் இருக்கோ? அதைப் போடும்."

மாதுமை தேடிப் போட்டாள். உயரத்திலிருந்து எடுத்த படம், வர்ணனை இல்லை, ஆட்டக்காரர்கள் சுண்டுவிரல் உயரம்தான் தெரிந்தார்கள். பந்து வலதுபக்கம் போனது, நடுவில் போனது, மறுபடி வலதுபக்கமே போனது. இடதுபக்கம் பச்சைப் புல் மட்டும் கிடந்தது, அதில் ஒருத்தன் நாலடி முன்னே, நாலடி பின்னே என்று நகர்ந்துகொண்டே இருந்தான். ஒருமுறை பந்து அங்கே வந்தது. விங்கர் வாங்கினான், நிமிர்ந்தான், திரும்பிப் போனான். கொஞ்ச நேரத்தில் இன்னொருவன் இடம் மாறி வந்து பார்த்தான். அவனும் நிமிர்ந்தான், திரும்பிப் போனான். மாதுமை எதையோ குறித்துக்கொண்டிருந்தவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் திரைக்குக் கிட்டே வந்தாள்.

"ச்சா..." என்றார் சிவானந்தன்.

சத்தமாகவே சொல்லிவிட்டார். ரம்லி சிரித்துவிட்டார். அந்த ஒலிக்கு எந்த மொழியிலும் ஒரே பொருள்தான். சிவானந்தன் அதைக் கவனிக்கவில்லை. நாற்காலியின் நுனிக்கு வந்து, இரு கைகளையும் மேசைமேல் ஊன்றி, முன்னால் சரிந்திருந்தார். அம்பிகைக்குக் கண் கலங்கியது. சோபாவில் இருந்த அந்த மனிதர் இன்றைக்குத்தான் வெளியே வந்திருக்கிறார்.

"அங்கிள்," என்றாள் மாதுமை மெதுவாக. "உங்க ஓட்டு?"

"பொறும் பிள்ளை." அவர் கண்ணை எடுக்காமல் கையை மட்டும் உயர்த்தினார். "இன்னுமொருத்தன் வாறான், பாரும்."

வெளியே மழை விட்டபாடில்லை. திரையில் மூன்றாவது விங்கர் பந்தோடு அந்தப் பச்சை வெளிக்குள் வந்தான். எதிரே ஒருத்தன் இரண்டடி தள்ளி, பக்கவாட்டில், சும்மா நின்றான். விங்கர் தோளை ஆட்டினான், ஒரு கணம் தயங்கினான், வந்த வழியே திரும்பினான்.