பொட்டலத்தில் வந்த கட்டுரை

என் வீட்டுக்காரருக்கு ஒரு பெருமை உண்டு. பூச்சிமருந்துக் கடை வைத்திருப்பவர்களில் தன்னைப் போல யோக்கியன் கிடையாதாம். யாராவது "கலப்படம் இல்லையே?" என்று கேட்டுவிட்டால் போதும், டின்னுக்குள் கையை விட்டுப் பொடியை அள்ளி உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து காட்டுவார்.

"பாத்தீங்களா, நெடி மூக்கைத் துளைக்குது!"

மூக்கோடு நின்றதா என்பதுதான் என் கவலை.

சில்லறை வியாபாரத்துக்குப் பொட்டலம் மடிப்பது என் வேலை. பழைய பேப்பர் கட்டு வந்தால் கிழிக்கும் முன் படித்துவிடுவேன். அப்படித்தான் அந்தக் கட்டுரை கண்ணில் பட்டது. வயல் வயலாக அலைந்து ஒரு பெண் எழுதியிருந்தாள். மருந்து அடிக்கிறவர்களின் வியர்வை, மங்கும் பார்வை, டம்ளரைப் பிடிக்க முடியாமல் நடுங்கும் கை. அன்று காலையில்தான் இவர் சட்டையெல்லாம் காபியைக் கொட்டிக்கொண்டு, தளும்பத் தளும்ப ஊற்றினேன் என்று என்மேல் எரிந்து விழுந்திருந்தார்.

"இதைக் கொஞ்சம் படிங்க."

"எழுதுறவங்களுக்கு என்ன, கையில பேனா இருக்கு, எழுதுவாங்க. போய் வேலையப் பாரு."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கட்டு முழுக்க விற்காமல் திரும்பிய அதே இதழ்தான். சரி, வேலையைப் பார்க்கிறேன் என்று, கட்டுரை வெளியே தெரிகிற மாதிரி எல்லாப் பொட்டலத்தையும் மடித்து வைத்தேன். அவர் ஒன்றைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை.

பொட்டலங்கள் போகப் போக எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். கடை படுத்துவிட்டால் சாப்பாட்டுக்கு என்ன வழி? கடை நடந்தால் இந்த மனுஷன் படுத்துவிடுவாரே!

மறுநாள் எங்கள் பழைய வாடிக்கையாளரான தோப்புக்காரர் பொட்டலத்தோடு வந்தார். பின்னாலேயே நாலைந்து பேர்.

"அண்ணே, எந்தக் கடைக்காரன் செய்வான் இப்படி? ஆபத்துன்னு நீங்களே பொட்டலத்துல போட்டுக் குடுத்திருக்கீங்க. ஊரே உங்களைப் பத்தித்தான் பேசுது."

இவர் பொட்டலத்தை வாங்கிப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தலை குனியவில்லை.

"அதெல்லாம் சும்மா. நான் தினமும் கையாலதானே..." என்று டின்னுக்குள் கையை விடப்போனார். தோப்புக்காரர் சட்டென்று மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்ணே."

பிடித்த பிடியிலேயே அந்தக் கை நடுங்கியது. எல்லாரும் பார்த்தார்கள். இவர் கையை உதறிச் சட்டைப்பைக்குள் நுழைத்துக்கொண்டார். உள்ளே சாவிக்கொத்து கிணுகிணுவென்று சத்தம் போட்டது. நிற்கவே இல்லை.

வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். இவர் என் பக்கம் திரும்பாமல் கேட்டார்.

"இது சரியாகுமான்னு எழுதியிருக்காளா?"

"மருந்துப் பக்கமே போகாம இருந்தா சரியாகலாமாம்."

சாவிக்கொத்தை எடுத்து நீட்டினார். கதவைச் சாத்திப் பூட்டப் போனேன். இனிச் சாப்பாட்டுக்கு என்ன வழி? சாவி துளைக்குள் நுழையவே மாட்டேன் என்றது. இப்போது நடுங்கியது என் கை.