எதிர்ச்சுற்று

எழுந்து பாலைக் காய்ச்சினேன். ஓவியாவை எழுப்பி இரட்டைச் சடை போட்டேன். ஒன்று மேலே நின்றது, ஒன்று கீழே. இட்லி வைத்தேன். ஞாயிறு, பள்ளி வேன் இல்லை.

அவள் எஞ்சினைத் தூக்கி வந்து மேஜையில் வைத்தாள். கையகல மாதிரி ரயில் எஞ்சின். ஓவியாவின் அம்மா ஜோதிகாவுக்குச் சின்ன வயதில் அவள் அப்பா பழைய சாமான் கடையில் வாங்கிக் கொடுத்தது. மோட்டாரின் காந்தம் செத்துப்போய், சூடாகுமே தவிர நகராது. ஜோதிகாதான் கையால் தள்ளி, வாயால் கூவி ஓட்டுவாள். அவள் இறந்த பிறகு ஓவியா அதைத் தள்ள மறுத்துவிட்டாள். தானாக ஓட வேண்டுமாம்.

புது மோட்டார் தபாலில் வந்திருந்தது. அது உட்கார, எஞ்சினின் அடிச்சட்டத்தை அரத்தால் அராவ வேண்டும். பிசகிச் சட்டம் உடைந்தால், அப்புறம் அம்மா எஞ்சின் இல்லை.

துணைக்கு ஜோதிகாவின் தம்பி சுரேஷ்கண்ணன் வந்தான். சின்னமனூரில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறான்.

“நான் அஞ்சு எச்.பி.க்குக் கீழ தொட்டதில்ல மச்சான். இது என்ன, கடுகுக்குச் சட்டை போட்ட மாதிரி இருக்கு.”

அவன் பிடித்துக்கொள்ள நான் அராவினேன். சட்டம் உடையவில்லை. மோட்டாரை ஒட்டி, பல்சக்கரத்தோடு ரப்பர் குழாயால் இணைத்து, வயரைப் பற்றவைத்து, தரையில் போட்டிருந்த தண்டவாளத்தில் வைத்தோம். அதன் ஒரு முனை ஓவியாவுக்கு மதுரை, மறுமுனை போடி. ஓவியா மதுரைப் பக்கம் கைகாட்டினாள். கரண்ட் பெட்டியின் குமிழைத் திருகினேன்.

எஞ்சின் சத்தமே இல்லாமல் கிளம்பியது. பின்பக்கமாக.

“மதுரைக்குப் போகச் சொன்னா போடிக்குப் போகுது” என்றாள் ஓவியா. பிறகு இடுப்பில் கைவைத்தாள். “வயரை மாத்திப் போடுப்பா.”

சுரேஷ்கண்ணன் என்னைப் பார்த்தான். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர்களுடைய மார்க்கையன்கோட்டைத் தோட்டத்தில் கிணற்று மோட்டார் ஓடியும் தண்ணீர் ஏறாவிட்டால், எதிர்ப்பக்கம் சுற்றுகிறது என்று அர்த்தம்; இரண்டு வயரை மாற்றிப் போட்டால் சரியாகிவிடும். அங்கே வளர்ந்த ஜோதிகாவுக்கு உலகத்துக்கே அது ஒன்றுதான் வைத்தியம். மிக்சிக்கும் அதுதான், நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாலும் அதுதான்.

மாற்றினேன். மதுரைக்குப் போனது. ஓவியா முட்டி போட்டுக் கூடவே ஊர்ந்தாள். கூவுவது மட்டும் அவள் பொறுப்பு. சுரேஷ்கண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பற்றவைத்த புகை என்றான். வெகுநேரம் ஓட்டினோம். இட்லி ஆறிப்போனது.

கடைசியாக ஆஸ்பத்திரியில், ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோவதற்குக் கொஞ்சம் முன்பு, ஜோதிகா படுத்தபடியே மேலே பார்த்தாள். மின்விசிறி வேகமாகத்தான் சுற்றியது. காற்று வரவில்லை.

“தலகீழாச் சுத்துது பாருங்க” என்றாள். “வயரை மாத்திப் போடச் சொல்லுங்க.”