இரண்டாவது சர்வரின் விசுவாசம்

பம்பு கம்பெனியில் மெயில் சர்வர்களைக் கட்டி மேய்ப்பவளுக்குத் தபாலம்மா என்று பெயர். முதல் சர்வர் படுத்தால் இரண்டாவது தானாக எழுந்து வேலையைப் பார்க்கும் என்பதில் அவளுக்கு அப்படி ஒரு பெருமை. அந்தப் பெருமையில்தான் மகளின் பள்ளி விண்ணப்பத்தில் ஆபீஸ் முகவரியைக் கொடுத்திருந்தாள். புருஷன் முனகினான் என்பதற்காக, அவனுடைய ஓசி மெயில் முகவரியையும் கீழே ஒரு ஓரமாக எழுதி வைத்தாள்.

பள்ளி வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறது. இடம் உண்டு என்று இன்று காலை மெயில் வரும். மதியம் ஒரு மணிக்குள் சம்மதம் என்று பதில் போடாவிட்டால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். அப்புறம் ஆறு வயதுக் குழந்தை இரண்டு பஸ் மாறி ஊரின் மறுகோடிக்குப் போய்ப் படிக்க வேண்டியதுதான்.

இன்றைக்குப் பார்த்தா முதல் சர்வர் மண்டையைப் போட வேண்டும்!

"கவலையே இல்ல, ரெண்டாவது எந்திரிச்சிருச்சு" என்றாள் தபாலம்மா. எழுந்ததும் உண்மைதான். வெளியிலிருந்து வந்த மெயிலையெல்லாம் வாங்கிக்கொண்டும் இருந்தது. ஆனால் ஆபீஸில் ஒருத்தருக்கும் ஒரு மெயிலும் வந்து சேரவில்லை. மேனேஜர் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கையை விரித்துக் காட்டினார்.

பக்கத்து மேஜைக்காரர் நெட்வொர்க் வேலை பார்ப்பவர், கேபிள் என்று சொன்னால்தான் ஆபீஸில் அவரைத் தெரியும். நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார். "வாங்குற மெயில என்னதான் பண்ணுதாம்?"

தபாலம்மா பார்த்தாள். "முதல் சர்வர்கிட்ட குடுக்கப் பாக்குது சார்."

"அதான் செத்துப்போச்சே!"

"அது இதுக்குத் தெரியல. குடுக்குது, வாங்க ஆளில்ல, வரிசையில வச்சுக்கிட்டு மறுபடி குடுக்குது."

"நாமதான் சோதிச்சுப் பாத்தோமே?"

"எப்படிப் பாத்தோம்? முதல் சர்வர அணைச்சா மெயில் நின்னுடும், அணைக்காம சோதிங்கன்னு மேனேஜர் சொன்னாரு. நாமளும் தலைய ஆட்டினோம்."

கேபிள் சிரித்த சிரிப்பில் நாற்காலி தானாகப் பின்னால் போயிற்று. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளிக்குப் போன் போட்டாள். மெயிலில் பதில் வந்தால்தான் கணக்கு என்றார்கள். புருஷனுக்குப் போட்டாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன், மெஷின் ஓடினால் போனை எடுக்க மாட்டான்.

நல்லவேளை, எல்லாருடைய மெயில்பெட்டிக்கும் ஒரு நகல் இரண்டாவதிலும் இருந்தது. மெயிலை முதலாவதிடம் தள்ளச் சொல்லும் வரியை எடுத்துவிட்டு, உன்னிடமே போட்டுக்கொள் என்று எழுதினாள். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக எழுதி, மூன்றாவது தடவை சரியாக வந்தது. தேங்கி நின்ற மெயிலெல்லாம் திமுதிமுவென்று இறங்கின. பள்ளியின் மெயில் கிடைத்தது. அடித்துப் பிடித்துப் பதில் போட்டாள். ஒரு மணி ஆகச் சில நிமிஷம் இருக்கையில் பள்ளியிலிருந்து உறுதி என்று வந்தது. அப்பாடா!

அப்போதுதான் அதற்குக் கீழே இன்னொன்றைப் பார்த்தாள். பள்ளியின் அதே மெயில், காலையிலேயே புருஷனுக்கும் போயிருக்கிறது. அவன் அதை அப்படியே இவளுக்குத் தள்ளிவிட்டிருக்கிறான். மேலே ஒரே ஒரு வார்த்தை: பாத்துக்கோ.

சாப்பாட்டு நேரத்தில் அவனே கூப்பிட்டான். "என்ன, இடம் கெடச்சுதா?"

"காலையிலயே கையில வந்திருக்கு, ஒரு சரின்னு பதில் போட மாட்டீங்களா? என் உசுரே போய்ட்டு வந்துச்சு!"

"நீ போடுவன்னு உனக்கு அனுப்பினேன்."

"உங்களுக்கும் அவ பிள்ளதானே? நீங்க போட்டா என்ன?"

"பிள்ளைக்குப் பல் டாக்டர் குடுத்த தேதிக்கு நானே சரின்னு சொன்னதுக்கு, என்னைக் கேக்காம எப்படிச் சொல்லலாம்னு ஒரு வாரம் பேசல நீ. அதுலேர்ந்து எது வந்தாலும் உன்கிட்டதான் தள்ளிவிடறேன்."

அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. கேபிள் பக்கத்திலிருந்து கண்ணாலேயே என்ன என்று கேட்டார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஏங்க, யூனிஃபார்ம் அளவு கேட்டிருக்காங்க" என்றாள்.

"சரி, அனுப்பு. பாத்துட்டு உன்கிட்ட கேட்டு—"

"கேக்காதீங்க. நீங்களே பதில் போட்டுடுங்க."

"தப்பாயிட்டா?"

"தொளதொளன்னு போட்டுட்டுப் போகட்டும்."