மூன்று புள்ளியைத் தொடவும்

அப்பாவின் போனில் மகன் மூன்றாவது தடவையும் தப்பான எண்ணை அழுத்தினான். விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்ட அப்பா, கூடத்தில் வெள்ளைத் துணி போர்த்திப் படுத்திருந்தார். பெரிதாக்கி வைக்க ஒரு நல்ல படம் வேண்டும். அது அந்தப் போனில்தான் இருந்தது.

"என் பொறந்த நாளை அடிங்கப்பா," என்றாள் அவன் மகள், வாசல் நிலையருகே நின்றபடி. பத்து வயது. அவள் சொன்னதை அடித்ததும் போன் திறந்துகொண்டது. காலையிலிருந்து அவள் அந்த நிலையைத் தாண்டி உள்ளே வரவில்லை. தாத்தா பக்கத்தில் போகக்கூடாது என்று ஆறு மாதத்துக்கு முன்னால் போட்ட உத்தரவை யாரும் இன்னும் எடுக்கவில்லை.

போட்டவள் அவன் மனைவி. அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. அன்று தாத்தாவும் பேத்தியும் தலையோடு தலை ஒட்டி யானைக்குட்டி வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது முடிந்ததும், அடுத்து இதைப் பாருங்கள் என்று போன் தானாகவே வரிசைகட்டிக் காட்டிய படங்களில் பெண்கள் பாதி உடுப்போடு நின்றார்கள். எதை விரும்பிப் பார்க்கிறோமோ அதைத்தானே அது கொண்டுவந்து கொட்டும் என்று மனைவி கத்தினாள். நாற்பது வருஷம் பஸ் ஓட்டிய மனுஷர் மகனைத் திரும்பிப் பார்த்தார்.

மகனுக்கு அப்போதே தெரியும். போன் வாங்கிக் கொடுத்த அன்று, புதுக் கணக்கு தொடங்கச் சோம்பல்பட்டுத் தன் கணக்கையே அதில் போட்டுத் தொலைத்தவன் அவன். வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் மதிய இடைவேளையில் கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவன் பார்த்ததெல்லாம் அப்பாவின் கையில் போய் முளைத்திருந்தது. பிள்ளைகள் எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக்கூடாது என்று பெற்றோரைக் கூட்டி வைத்துப் பேசுகிற வாத்தியார் வேறு. அந்த வாயால்தான் அன்றைக்கு, "இந்த வயசுல உங்களுக்கு இது தேவையாப்பா?" என்று கேட்டான். மறுநாளே கணக்கை மாற்றியிருக்கலாம். மாற்றினால் மாட்டிக்கொள்வோம் என்று விட்டுவிட்டான். அப்பாவுக்கு ஒன்றும் புரிந்திருக்காது என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டான்.

எதிர்த் தெருவில் போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவர் வந்து அப்பாவின் காலருகே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மகனின் கையிலிருந்த போனைப் பார்த்துவிட்டு அவனை ஓரமாகக் கூட்டிப்போனார். வாரம் தவறாமல் அப்பா கடைக்கு வருவாராம். வேண்டாத வீடியோக்களை எப்படி வரவிடாமல் செய்வது என்று கேட்டு எழுதிக்கொண்டு போவாராம். போன் உறையைக் கழற்றிப் பாருங்கள் என்றார்.

உள்ளே நாலாக மடித்த தாள். அப்பாவின் கோணல் எழுத்து. 'படத்துக்குப் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியைத் தொடவும். ஆர்வமில்லை என்பதைத் தொடவும். அடுத்த படம். தினமும், பாப்பா எழும் முன்.'

"கணக்கு உங்க பேர்ல இருக்குன்னு நான்தான் காட்டினேன்," என்றார் கடைக்காரர். "அதுலேர்ந்து வெளிய வந்துட்டா தீர்ந்துச்சுன்னேன். வேண்டாம்னுட்டாரு."

"ஏன்?"

"வீட்டு டிவியிலயும் அதே கணக்குதானாமே. பேத்தி பாக்குற டிவி, நான் வெளிய வந்துட்டா அதுல வர்றதை யாரு துடைச்சு வைப்பான்னு கேட்டாரு. உங்ககிட்ட இதைப் பத்திப் பேசவும் வேண்டாம்னாரு. அவன் வாத்தியாரு, வெளிய தெரியக்கூடாதுன்னு."

இந்தக் கடைக்காரர் முகத்தில் இனி எப்படி விழிப்பது என்றுதான் மகனுக்கு முதலில் தோன்றியது. அப்பாவை நினைத்தது அதற்குப் பிறகுதான். அதற்கும் சேர்த்து வெட்கப்பட்டான்.

வாசலில் மயான வண்டி வந்து நின்றது. மனைவி கலங்காத கண்ணோடு நாற்காலிகளை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். அவளிடம் போய்த் தாளையும் போனையும் நீட்டினான்.

"அது என் கணக்கு," என்றான். "பார்த்ததெல்லாம் நான். அப்பா இல்ல."

அவள் தாளைப் படித்தாள். திரும்பவும் முதலிலிருந்து படித்தாள். அவனை ஏறிட்டுப் பார்க்கவில்லை. நேராக வாசலுக்குப் போய் மகளின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து, மாமனாரின் தலைமாட்டில் உட்கார வைத்துத் தானும் உட்கார்ந்தாள்.

"தொடலாமாம்மா?"

"தொடு."

சிறிது நேரம் கழித்து வண்டிக்காரர் உள்ளே வந்து, "மகன் யாருங்க? தலைப்பக்கம் வந்து பிடிங்க," என்றார்.

மகன், மகள் நின்றிருந்த அதே வாசல் நிலையருகே நின்றுகொண்டிருந்தான்.